நான் சேர்த்த ‘இப்போதைக்கு’

எங்கள் வீட்டு மேற்கு ஜன்னல் சத்தமில்லாமல் திறக்கும். கல்கத்தா பவானிப்பூரில் இது சாதாரண விஷயமல்ல. ஆடி பிறந்துவிட்டால் இந்த ஊரில் மரமெல்லாம் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். பக்கத்து வீடுகளில் ஜன்னலைத் தோளால் முட்டித் திறக்கிறார்கள். அந்தச் சத்தம் காலையில் தெரு நெடுக வரிசையாகக் கேட்கும், யாரோ வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வருவதுபோல. எங்களுடையது விரல் பட்டாலே போதும். சட்டத்தில் மெழுகு தேய்த்திருக்கிறது. அந்த மெழுகு முன்பு ஒரு மனிதனின் குரலாக இருந்தது.

திறக்கும்போதெல்லாம் எனக்கு அது கேட்கிறது. கொஞ்சம் கேட்கிறது என்று எழுதியிருந்தேன். ‘கொஞ்சம்’ என்பதை அடித்துவிட்டேன். நன்றாகவே கேட்கிறது. கூடவே என் வலது கை ஆள்காட்டி விரல் தொடையில் எழுத ஆரம்பித்துவிடும். கோடு, வளைவு, புள்ளி. பதின்மூன்று வருஷம் கிளைவ் தெரு ஆபீஸ் ஒன்றில் ஷார்ட்ஹாண்டு எழுதிய விரல். ஆபீஸ் அதை விட்டுவிட்டது. அது இன்னும் ஆபீஸை விடவில்லை.

“ஏன்னா, விரலை நிறுத்துங்கோ. வேஷ்டி தேஞ்சுடும்” என்பாள் இவள். என் மனைவிக்கு எதையும் அப்படித்தான் சொல்ல வரும்.

சணல் வாங்கி விற்கிற கம்பெனி அது. பழைய துரை நடந்துகொண்டே பேசுகிறவர். ஜன்னலிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து ஜன்னல். நான் முக்காலியில் உட்கார்ந்து எழுதுவேன். கோபம் வந்தால் நடை வேகமாகும், அவர் முதுகிலிருந்தே வார்த்தைகள் வரும்: திருடன், முட்டாள், தண்ணீர் ஊற்றிச் சணலை எடை ஏற்றுகிற அயோக்கியன், உன் முகத்தில் இனி விழிக்கமாட்டேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன். எழுதின தாளைக் கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டுவேன். டிபன் வேளை கழிந்ததும் வேறொரு கடிதம் டைப் அடித்துக் கொண்டுபோய் வைப்பேன். அதில் திருடனும் இருக்க மாட்டான், முட்டாளும் இருக்க மாட்டான். “சென்ற தடவை வந்த பொதிகளில் ஈரம் சற்று அதிகமாக இருந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.”

துரை படிப்பார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

“இதையா நான் சொன்னேன்?”

“ஆமாம், துரை.”

“நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன்.”

கையெழுத்துப் போடுவார். அந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். யாரும் அதைத் தொடங்கிவைக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஷார்ட்ஹாண்டு சர்ட்டிபிகேட்டோடு ரயிலேறி வந்தவர்கள் இந்த ஊரில் அப்போது நிறையப் பேர். அவரவர் துரைக்கு அவரவர் இப்படி ஏதாவது செய்துகொண்டுதான் இருந்தோம். மெஸ்ஸில் சாப்பாட்டு வேளையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். “எங்க துரை இன்னிக்கு என்னமா எழுதினார் தெரியுமோ” என்று ஒருவர் ஆரம்பித்தால், யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து எங்களுக்குச் சணல் அனுப்புகிறவர்களில் ஒரு கிழவர் இருந்தார். முழங்கால் வரை வேஷ்டி, கறுப்புக் குடை, முன்பல் இரண்டு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில், தன் படகோடு தானே வந்து இறங்குவார். துரையைப் பார்த்துக் கும்பிடுவார். பிறகு என் மேஜைக்கு வருவார்.

“சாஹேப் எவ்வளவு மரியாதையாகக் கடிதம் எழுதுகிறார், பாபு! எங்கள் ஊர் தபால் மாஸ்டர் படித்து அர்த்தம் சொல்லும்போது, சுற்றிலும் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். ‘தங்கள் அன்புள்ள’ என்று முடிக்கிறாராமே!”

எல்லாக் கடிதமும் அப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு தடவை வாழையிலையில் சுற்றி ஒரு பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்தார். பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூக்கே சொல்லிவிட்டது. இலீஷ் மீன். பத்மா நதியிலிருந்து அன்று காலை வந்தது. “உங்கள் வீட்டம்மாவுக்கு” என்றார். அந்தச் சிரிப்பில் இரண்டு பல் இல்லாத இடம் தெரிந்தது. நான் மீன் தொடாத ஜாதி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று வார்த்தை. “ரொம்ப சந்தோஷம்” என்றேன். தலைப்பாகை, மூடின கோட்டு, நெற்றியில் விபூதி, மடியில் மீன். டிராமில் எனக்கு எதிரே இருந்த வங்காளி பாபு ஒருவர் பொட்டலத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், மறுபடியும் பொட்டலத்தைப் பார்த்தார்.

கீழ்வீட்டு மாஷிமாவிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, வங்காளி விதவை, விதவைகள் மீன் தொடக்கூடாது என்ற வழக்கத்தை வெளியில் காப்பாற்றுகிறவள். தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அன்று சமையலறைப் புகை எங்கள் மாடி வரைக்கும் வேறுவிதமாகச் சொன்னது. இவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள்.

“வேண்டாம்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?”

“அவர் முகத்தைப் பார்த்திருந்தா உனக்கும் வந்திருக்காது.”

“எனக்கு வந்திருக்கும்” என்றாள்.

கிழவர் கேட்டார், மீன் எப்படி இருந்தது என்று. பிரமாதம் என்றேன். மறுவருஷம் இரண்டு கொண்டுவந்தார்.

பிறகு கம்பெனி கைமாறியது. பழைய துரை ஒரு மார்கழிக் காலையில் கப்பலேறிச் சீமைக்குப் போனார். நாங்கள் ஜெட்டியில் வரிசையாக நின்றோம். என் கையைக் குலுக்கி, “நான் எழுதின கடிதங்களுக்காக வந்தனம்” என்றார். மற்றவர்களுக்கு அது புரியவில்லை. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

புதுத் துரைக்கு முப்பது வயதுகூட இருக்காது. கெட்டவர் இல்லை. மிருதுவாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை, உண்மை அதுதான். வேலைக்காரர்களை அடிக்க மாட்டார், யாரையும் பன்றி என்று சொல்ல மாட்டார். ஆனால் என்னை முக்காலியில் உட்காரச் சொல்லவே இல்லை. பெட்டி ஒன்றை வரவழைத்தார். அதற்குள் ஒரு யந்திரம். துரை தனியாக அறையில் உட்கார்ந்து ஒரு குழாய்க்குள் பேசுவார். உள்ளே சுழலும் பழுப்பு மெழுகு உருளையில் ஒரு முள் அதைக் கீறிக்கொண்டு போகும். உருளை என் மேஜைக்கு வரும். ரப்பர் குழாய்களைக் காதில் மாட்டிக்கொண்டு, மிதியைக் காலால் அழுத்தினால் துரை என் மண்டைக்குள் பேசுவார். டைப் அடிக்க வேண்டியது. அடித்தபின் மெழுகைக் கத்தியால் மேலாகச் சீவிவிட்டால் உருளை புதிதாகிவிடும். ஷார்ட்ஹாண்டு தேவையில்லை. முக்காலியும் தேவையில்லை.

ஆபீஸில் எல்லாரும் அதைப் பிசாசு என்றார்கள். பொரோபாபு, அதாவது எங்கள் வங்காளித் தலைமைக் குமாஸ்தா, முதல் நாள் அதற்கு எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். “ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் எங்கள் ஊரில் கயாவுக்குப் போய்ப் பிண்டம் வைப்போம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது. கல்கத்தா வெயிலில் மெழுகு இளகும். துரையின் குரல் இழுபட்டு, குடித்தவன் குரல்போல வரும். சரியாகச் சீவாத உருளையில் பழைய கடிதம் அடியில் தங்கிவிடும். புதுக் கடிதம் ஓடும்போது அதன் கீழே, கிணற்றின் அடியிலிருந்து ஒருவன் பேசுவதுபோல, என்றோ அனுப்பிவிட்ட கடிதம் முணுமுணுக்கும். குழாயைக் கழற்றினாலும் அது நிற்காது. டிராமில் கேட்கும். ரசத்தைக் கலக்கும்போது கேட்கும்.

ஆனியில் ஒரு நாள் கிழவரைப் பற்றிய உருளை வந்தது. போன வருஷத்துப் பொதிகள் உள்ளே நனைந்து அழுகியிருந்தன. பழைய துரை கத்திவிட்டு மறந்திருப்பார். புதியவர் கத்தவில்லை.

“அந்தக் கிழவனுக்கு எழுது. நமக்கும் அவனுக்கும் முடிந்தது. இந்தப் பருவம் மட்டுமல்ல, எந்தப் பருவமும் இல்லை. ஒரு பொதிகூட அனுப்பக் கூடாது.”

மிதியிலிருந்து காலை எடுத்தேன். தபால் மாஸ்டர் வீட்டு வாசலில் நாலு பேர் கூடி நிற்பதைப் பார்த்தேன். கிழவர் குடையை மடக்கிக்கொண்டு நடுவில் நிற்கிறார். எந்தப் பருவமும் இல்லை என்பதை ஊர் முன்னால் படிப்பார்கள்.

கையே அடித்தது. வருந்துகிறோம் என்று ஆரம்பித்தது. தங்களிடமிருந்து சரக்கு எடுத்துக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை என்றது. அப்புறம், யாரும் கேட்காமல், இங்கிலீஷில் மூன்று சிறு வார்த்தைகளைச் சேர்த்தது. தமிழில் ஒன்றே போதும். இப்போதைக்கு.

தபால் வேளையில் ஐம்பது கடிதத்தில் ஒன்றாகத் துரை கையெழுத்துப் போட்டார். நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன் என்று ஞாபகம்.

ஆவணியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை, கிழவர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் மெழுகுசீலையில் சுற்றிய கடிதம். பக்கத்தில் வாழையிலைப் பொட்டலம். படித்துறையில் இரண்டு படகு நிறையச் சணல்.

“கடிதம் வந்தபோது ஆனி, பாபு. இது ஆவணி. சாஹேப் சொன்ன ‘இப்போதைக்கு’ இதற்குள் முடிந்திருக்கும் என்று கிளம்பிவிட்டேன். தபால் மாஸ்டரும் அப்படித்தான் சொன்னார்.”

அவரை நிறுத்துவதற்குள் பொரோபாபு கடிதத்தை வாங்கித் துரை அறைக்குள் கொண்டுபோய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

தகராறு வரக்கூடிய கடிதங்களின் உருளைகளைப் பருவம் முடியும்வரை சீவக்கூடாது என்பது புதுத் துரையின் உத்தரவு. எனக்குத் தெரியும். நானே தகர டப்பாக்களில் நம்பர் போட்டு அடுக்கிவைத்தவன். ஆனால் குரல் என்றால் வாயை விட்டால் போனதுதான் என்று பதின்மூன்று வருஷம் பழகிவிட்டது எனக்கு. அது திரும்பி வரும் என்று தோன்றவே இல்லை. மெஸ்ஸில் இருந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

துரை ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டுத் தகரக் கொம்பை மாட்டினார். பொரோபாபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொம்புக்குள்ளிருந்து துரை பேசினார், துரையோ வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பருவமும் இல்லை. ஒரு பொதிகூட. உருளையைப் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் ஓட்டினார். எந்தப் பருவமும் இல்லை.

“இதில் ‘இப்போதைக்கு’ எங்கே இருக்கிறது?”

என் விரல் தொடையில் எழுத ஆரம்பித்தது.

“பழைய துரைக்கும் இப்படித்தான் செய்தாயா?”

“அவருக்குப் பிடித்திருந்தது, துரை.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். களைத்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார். “நான் அந்தக் கிழவனுக்கு ஒரு கடிதத்தில் கெட்டவனாகியிருப்பேன். அவன் வேறு ஆளைத் தேடிக்கொண்டிருப்பான். நீ அவனை இரண்டு படகோடு மழையில் வரவழைத்திருக்கிறாய்.”



வெளியே வந்தேன். கிழவர் எழுந்து நின்றார். படிக்கட்டு வரைக்கும் என்கூட வந்தார். பொரோபாபு முந்திக்கொண்டு, “சாஹேபுக்கு இன்று உடம்பு சரியில்லை, பெரியவரே” என்று வங்காளியில் தேனாகப் பேசிவிட்டு உள்ளே போய்விட்டார். கிழவர் என் முகத்தைப் பார்த்தார்.

“சாஹேப் என்ன சொன்னார், பாபு?”

உண்மையைச் சொல்ல இன்னொரு தடவை கிடைத்தது எனக்கு. யாருக்கு அப்படிக் கிடைக்கும்? கொம்பின் குரல் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தேன்.

“இப்போது இல்லை” என்றேன்.

தலையை ஆட்டினார். முகம் தெளிந்தது. அதுதான், அந்தத் தெளிவுதான் இன்றும் என்னை விடாதது. பொட்டலத்தை என் கையில் வைத்தார். “உங்கள் வீட்டம்மாவுக்கு. இந்த வருஷம் மீன் சின்னதுதான், மன்னிக்க வேண்டும்.” குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார். நான் மீனோடு படியில் நின்றேன்.

நனைந்த சணலைப் படித்துறையிலேயே யாரோ ஒருவன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று பொரோபாபு பிறகு சொன்னார்.

என்னை உடனே அனுப்பவில்லை. வெளியேற்றுவதில் இன்னொரு முறை இருக்கிறது. மறுநாள் என் டைப்ரைட்டருக்கு முன்னால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். என் நாற்காலி தாழ்வாரத்துக்குப் போயிருந்தது. அங்கே ஒரு சிறிய மேஜை, அதன்மேல் மெழுகு சீவும் யந்திரம். கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கத்தி உருளையின் மேல்தோலை உரிக்கும். பழுப்புத் தூள் சுருள் சுருளாக மடியில் விழும். காலையிலிருந்து மாலைவரை குரல்களைச் சீவினேன். ஆபீஸார் என்னைத் தாண்டிப் போகும்போது செருப்புச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், சாவு வீட்டைத் தாண்டுவதுபோல. நானாக ராஜிநாமா எழுதிக் கொடுப்பேன் என்று துரை காத்திருந்தார். நான் எழுதவில்லை. வீரம் இல்லை, எனக்கு என்று ஒரு கடிதம் எழுதிப் பழக்கமே இல்லை.

பருவம் முடிந்தது. டப்பாக்களைச் சீவச் சொன்னார்கள். கிழவரின் உருளையும் வந்தது. இன்னொரு தடவை கேட்கலாமா என்று கை தயங்கியது. கேட்கவில்லை. சீவினேன். தூளைக் கைக்குட்டையில் மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அன்று மாலை என் மேஜையில் ஒரு புது உருளை. பக்கத்தில் பழைய டைப்ரைட்டர், ஒரு மணி நேரத்துக்கு மட்டும். குழாயை மாட்டிக்கொண்டு மிதித்தேன்.

என்னைப் பற்றிய கடிதம். வேலையிலிருந்து நீக்குவதும், போகுமிடத்தில் காட்ட வேண்டிய சர்ட்டிபிகேட்டும் ஒன்றாக. வேகமாக எழுதுவார், பிழையில்லாமல் எழுதுவார், நேரத்துக்கு வருவார். பிறகு மெழுகில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம். “இன்னொருவன் வார்த்தையைச் சுமக்க இவரை நம்ப முடியாது.”

கடைசியில், கடிதத்தில் சேராத குரலில்: “சொன்னபடியே அடி.”

எத்தனை வழி இருந்தது எனக்கு! ‘சில சமயம்’ என்று ஒரு வார்த்தை. ‘முழுவதும்’ என்று ஒரு வார்த்தை. எதைச் சேர்த்திருந்தாலும் வாக்கியமே வெளுத்துப்போயிருக்கும். அவர் ஒருவேளை கையெழுத்தும் போட்டிருப்பார். ஒருவேளை அதற்குத்தான் என்னிடமே கொடுத்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. விரல் எழுத்துக்களின்மேல் நின்றது. அப்புறம் அடித்தேன். ஒரு சொல் மாற்றவில்லை. பதின்மூன்று வருஷத்தில் நான் அப்படியே அடித்த முதல் கடிதம்.

வீட்டில் இவள் கோட்டை உதறினாள். கைக்குட்டையிலிருந்து தூள் கொட்டியது.

“என்னதிது?”

“மெழுகு.”

“நல்லதாப் போச்சு. ஜன்னல் மாட்டிண்டு உயிரை வாங்கறது.” உருட்டித் திரட்டிச் சட்டத்தில் தேய்த்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. வேலை போனதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் தேய்த்து முடித்தாள். பிறகு, “மீன்காரர் விஷயமா?” என்றாள்.

ஐந்து மாதம் அலைந்தேன். காலை பத்து மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பி ஆபீஸ் ஆபீஸாகப் படியேறுவது. அந்தக் கடிதத்தை நீட்டுவது. படிக்கிறவர் கண் கடைசி வரிக்கு வரும் கணம் எனக்குத் தெரிந்துவிடும். புருவம் ஒரு நூல் உயரும். மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். “இப்போதைக்கு ஒன்றும் இல்லை” என்பார்கள். எல்லாரும் அதே வார்த்தை! கல்கத்தா முழுக்க அதே சொல்தானா? டிராமில் ஏறி டாலிகஞ்ச் கடைசிவரை போவேன். இறங்க மனசில்லாமல் அதே டிராமில் திரும்புவேன். சக்கரம் தண்டவாளத்தில் பேசும். எந்தப் பருவமும் இல்லை, எந்தப் பருவமும் இல்லை.

“அந்தக் காயிதத்தைக் காட்டாம இருந்தா என்னவாம்?” என்றாள் இவள்.

“பதிமூணு வருஷம் எங்கே இருந்தேன்னு கேட்பா.”

“கடைசி வரியை மடிச்சுக் காட்டுங்கோ.”

சிரிக்காமல் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வந்தது, அந்த ஐந்து மாதத்தில் முதல் தடவை.

கடைசியில் ஹவுராவில் கிடைத்தது. மிதவைப் பாலத்தைத் தாண்டி, ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், இரும்பு வார்க்கிற சின்னப் பட்டறை. முதலாளி வங்காளி. கையெல்லாம் கரி. அந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“என் வார்த்தையை அப்படியே சுமந்தால் என் பட்டறையை நாளைக்கே கொளுத்திவிடுவார்கள், மதராஜி பாபு! உன்னைப்போல ஆள்தான் வேண்டும்.”

“இனிமேல் மாற்ற மாட்டேன்” என்றேன்.

“மாற்ற மாட்டாயா? பிறகு உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜன்னலில் மாட்டட்டுமா?”

எனக்கு வேலை வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் மாற்றுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கிழவர் கதையைச் சொன்னேன். மீனையும் சேர்த்துச் சொன்னேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“சரி. நான் திட்டுவேன். நீ எழுதிக்கொள். டைப் அடிக்கும் முன் என்னிடம் வா. திட்டை எடுத்துவிடலாம். இல்லை என்று சொன்னதை எடுக்க வேண்டாம். அதற்குச் சம்மதமா?”

சம்மதம் என்றேன். இவ்வளவு எளிதாக இருந்த ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று, பாலம் கப்பலுக்காகத் திறந்திருந்த நேரமெல்லாம், ஹவுராக் கரையில் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவருஷம் வைகாசியில் ஒரு தபால் கார்டு வந்தது. பழைய ஆபீஸ் விலாசத்துக்கு எழுதியது. பொரோபாபு வீட்டு விலாசம் போட்டுத் திருப்பிவிட்டிருந்தார். வங்காளி எழுத்து. கீழே போய் மாஷிமாவிடம் கொடுத்தேன். எட்டத்தில் பிடித்துப் படித்தாள்.

“பாபுவுக்கு நமஸ்காரம். சாஹேப் சொன்ன ‘இப்போதைக்கு’ முடிந்துவிட்டதா? இந்த வருஷம் நார் நன்றாக வந்திருக்கிறது. வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். படகு ஏற்றலாமா என்று ஒரு வரி எழுதவும். வீட்டம்மாவிடம் சொல்லவும், இந்தத் தடவை பெரிய மீனாகப் பார்க்கிறேன்.”

மாஷிமாவின் முகம் மலர்ந்தது. மீனுக்காக.

கிழவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு படகு நனைந்தபின் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் யார் சொன்னார்கள் அவரிடம்? கடிதத்தில் நான் சொல்லவில்லை, பொரோபாபுவும் சொல்லவில்லை, படிக்கட்டில் நான் சொல்லவில்லை. சொன்னது ஒரு மெழுகு உருளை. அதை நான் சீவிவிட்டேன். மிச்சம் என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. உலகத்தில் அந்த ‘இல்லை’யை அவரிடம் சேர்க்க வேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.

இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன். பேனா தானாகவே ‘வருந்துகிறோம்’ என்று ஓடியது. கிழித்துப் போட்டேன். பேச வரும் எனக்கு வங்காளி. எழுதினால் எழுத்துக் கோணலாக வரும், வார்த்தை கொஞ்சம்தான் தெரியும். அதுவே நல்லதென்று பட்டது. மிருதுவாக்கத் தெரியாத பாஷை எனக்கு அது ஒன்றுதான். எழுதிக்கொண்டு போய் மாஷிமாவிடம் பிழை பார்க்கச் சொன்னேன். இவளும் பின்னாலேயே இறங்கி வந்தாள்.

மாஷிமா வாய்விட்டுப் படித்தாள்.

“துரை உங்களிடம் இனி சணல் வாங்க மாட்டார். எப்போதும் வாங்க மாட்டார். முதலிலேயே அவர் சொன்னது அதுதான். ‘இப்போதைக்கு’ என்று சேர்த்தது நான். படியில் ‘இப்போது இல்லை’ என்றதும் நான். நான் இப்போது அங்கே இல்லை. வேறு ஆளிடம் விற்றுவிடுங்கள்.”

நிறுத்தினாள். “ஐயோ, இப்படியா ஒரு பெரிய மனுஷனுக்கு எழுதுவார்கள்? கல்லால் அடிப்பதுபோல இருக்கிறது. ‘சாஹேபின் மனசு மாறினால் தெரிவிக்கிறேன்’ என்று ஒரு வரி போடு, பாபா.”

“மாறாது, மாஷிமா.”

“மாறாவிட்டால் என்ன, போடுவதில் என்ன நஷ்டம்?”

“இரண்டு படகு” என்றேன்.

அவள் மேலே படித்தாள். குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை. எப்போதும் சாப்பிட்டதில்லை. உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. மன்னிக்க வேண்டும்.”

கார்டை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தாள்.

“ஏம்மா, இதையும் எழுத வேண்டுமா? சணலுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?”

இவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா என்று பார்த்தேன். முதலில் சிரிப்புத்தான்.

இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள் மாஷிமா. தபால் பெட்டிவரை மூன்று தடவை படித்தேன். எங்கேயாவது ஒரு சொல் சேர்க்க இடம் இருக்கிறதா என்று விரல் தேடிக்கொண்டே வந்தது. இருந்தது. எத்தனையோ இடம் இருந்தது. சேர்க்காமலே பெட்டியில் போட்டுவிட்டேன்.

பதில் வரவில்லை. ஆடி போயிற்று, ஆவணியும் வந்தது. ஹவுரா பக்கம் போகும்போதெல்லாம் படித்துறையில் கறுப்புக் குடை தெரிகிறதா என்று பார்ப்பேன். குடை ஆயிரம் தெரியும். அவர் இல்லை. மெழுகுக் குரல் மட்டும் முன்போலத் தனியாக வருவதில்லை. அதன் அடியில், சரியாகச் சீவாத உருளையில்போல, இன்னொரு குரல் முணுமுணுக்கிறது. பல் போன வாய்க் குரல். முடிந்துவிட்டதா, பாபு?

ஆவணி கடைசியில் ஒரு காலை, ஹவுராவுக்குக் கிளம்பிப் படியிறங்கினேன். மாஷிமா வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பருவமே முடியப்போகிறது. உன் கிழவன் இந்த வருஷம் ஒரு மீன் அனுப்பினானா? உன் சத்தியத்தால் என் நாக்குச் செத்துப்போச்சு.”

மேலே இவள் ஜன்னலைத் திறந்தாள். சத்தமில்லை. மீன் வரவில்லை. அப்படியானால் என் கார்டு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.